நாள்காட்டியும் மொட்டை மாடியும்: சென்னையில் இருந்தபடியே வானம் கற்ற அனுபவம்

சென்னையில் இருந்துகொண்டு வானம் பார்க்கிறேன் என்று சொன்னால், "இங்கே எங்கே நட்சத்திரம் தெரியுது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். தெரு விளக்கு, கடை விளக்கு, கட்டட வேலை நடக்கும் இடத்து ஃபோகஸ் லைட் எல்லாம் சேர்ந்து எங்கள் ஆதம்பாக்கத்து வானத்தை இரவு முழுக்க மங்கிய ஆரஞ்சு நிறத்திலேயே வைத்திருக்கின்றன. பால்வீதி இங்கே தெரியாது, அதற்கு ஊரை விட்டுத்தான் போக வேண்டும்.

ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இந்த வெளிச்ச வானம் ஒரு வகையில் வசதி. ஜவ்வாது மலைப் பக்கம் போய் நல்ல இருட்டில் அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் எது எது என்று பிரித்துச் சொல்வது பழகிய கண்ணுக்கே கொஞ்சம் சிரமம். சென்னை வானம் மங்கலானவற்றை எல்லாம் அழித்துவிட்டு, பிரகாசமான சிலவற்றை மட்டும் விட்டு வைக்கிறது. அந்தச் சிலவற்றுக்குத்தான் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன: ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை.

நான் தொடங்கியது சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் இருந்து. அதில் தேதிக்குக் கீழே, நல்ல நேரம், ராகுகாலத்துக்குப் பக்கத்தில், அன்றைய நட்சத்திரம் என்று ஒரு வரி இருக்கும். 'ரோகிணி மாலை இத்தனை மணி வரை, பின்பு மிருகசீரிடம்' என்று போட்டிருப்பார்கள். ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, அந்த வரி நிலவு இன்றைக்கு வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. நிலவின் பாதையை, அதாவது 360 பாகை கொண்ட முழு வட்டத்தை, 27 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 13 பாகைக்குச் சற்று அதிகம். நிலவு ஒரு நாளில் நகர்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான். முழுச் சுற்றுக்கு அது எடுத்துக்கொள்வது 27.3 நாள். ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் என்ற ஏற்பாடு இப்படித்தான் பொருந்துகிறது.

சரி, இதை வைத்து என்ன செய்வது? மாலையில் நிலவு தெரிகிற நாளாகப் பார்த்து, ஏழு, எட்டு மணிக்கு நாள்காட்டியில் என்ன நட்சத்திரம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். ரோகிணி என்று போட்டிருந்தால் நிலவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும், அதுதான் ரோகிணி. உலகம் முழுக்க ஆல்டிபரான் என்று அழைக்கிறார்கள். மகம் என்றால் ரெகுலஸ், சித்திரை என்றால் ஸ்பைகா. இந்த மூன்றோடு கேட்டையையும் (ஆன்டாரெஸ்) சேர்த்து, முதல் தரப் பிரகாசம் உள்ள (தர எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்) இந்த நான்கு மட்டுமே நிலவின் பாதைக்கு மிக அருகில் இருக்கின்றன. சில வருடங்களில் நிலவு இவற்றை நேராகவே மறைத்துக்கொண்டு போகும். கேட்டைக்கு மட்டும் ஒரு குறிப்பு: அனுஷம் முடிந்து கேட்டை தொடங்கும் வாக்கில்தான் நிலவு அதனருகே இருக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரத்தில் வித்தியாசம் வரும், ஆனால் வெறும் கண்ணால் நட்சத்திரத்தை அடையாளம் காண அது ஒரு தடையே இல்லை.

எல்லா நட்சத்திரத்துக்கும் இந்த வழி எடுபடாது. சுவாதியும் திருவோணமும் நிலவின் பாதையில் இருந்து வடக்கே வெகு தூரம் தள்ளி இருக்கின்றன, முப்பது பாகை அளவுக்கு. திருவாதிரை தெற்கே தள்ளி இருக்கிறது. நாள்காட்டியில் சுவாதி என்று பார்த்துவிட்டு நிலவுக்குப் பக்கத்திலேயே தேடினால் கிடைக்காது, தலையை நன்றாக வடக்கே திருப்ப வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் கீழ் வீட்டுப் பாட்டிக்கு இருபத்தேழும் வரிசையாக மனப்பாடம். ஒரு தை மாத மாலையில் துணி எடுக்க மேலே வந்தவர், நான் பைனாகுலருடன் நிற்பதைப் பார்த்து, "இன்னிக்கு ரோகிணி ஆச்சே, என் பேத்தி நட்சத்திரம்" என்றார்.

"அதோ, நிலாவுக்குக் கீழே செக்கச்செவேல்னு ஒண்ணு இருக்கு பாருங்க பாட்டி, அதுதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனை வருஷமா பேரைச் சொல்லி அர்ச்சனை பண்றேன், ஆளை இன்னிக்குத்தாம்மா பார்க்கிறேன்" என்றவர், அடுத்ததாக, "என்னுது பூராடம். அது எங்க இருக்கு?" என்றார். பூராடம் தனுசு ராசியில், தெற்கு வானத்தில் இருக்கிறது. தை மாதத்தில் சூரியன் அந்தப் பக்கமாகவே நிற்பதால் மாலையில் தெரியாது. "ஆடி மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு வாங்க பாட்டி, தெற்கே காட்டறேன்" என்று சொல்லி வைத்தேன். ஆடியில் மழை மேகம் விலகிய ஒரு நாளில் காட்டவும் செய்தேன்.

எந்த நட்சத்திரம் எந்த மாதம் தெரியும் என்பதற்கான விடை மாதப் பெயர்களிலேயே இருக்கிறது. பௌர்ணமி நிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதை வைத்துத்தான் மாதத்தை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். பௌர்ணமி நிலவு சூரியனுக்கு நேர் எதிரே இருப்பது. ஆகவே அந்த நட்சத்திரமும் அந்த மாதத்தில் சூரியனுக்கு எதிர்ப் பக்கம்தான் இருக்க வேண்டும்: சூரியன் மறைகிற நேரத்தில் கிழக்கே எழுந்து இரவு முழுக்கத் தெரியும். கார்த்திகையில் கார்த்திகை, மார்கழியில் திருவாதிரை, மாசியில் மகம், சித்திரையில் சித்திரை. திருவிழாக்களை நினைவில் வைத்திருக்கிறவருக்கு வருடம் முழுக்க எந்த மாதம் எது தெரியும் என்ற அட்டவணை ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது. ஒன்று மட்டும்: தீபத்தன்று கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்க முயல வேண்டாம், முழு நிலவு பக்கத்திலேயே நின்று அதை விழுங்கிவிடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, நிலவு தாமதமாக எழும் நாட்களில் பார்த்தால் அந்தக் குட்டிக் கொத்து தனியாக நிற்கும். அதிலும் சென்னையில் வெறும் கண்ணுக்கு ஒரு மங்கல் புகையாகத் தெரிந்தாலே பெரிது. பைனாகுலரை வைத்தால் ஆறு என்ன, இருபது, முப்பது கூட எண்ணலாம்.

நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக எழுகின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இதை ஏட்டில் படித்தால் ஒரு வரியோடு முடிந்துவிடும். ஒரே மாடியில், ஒரே தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கு மேலே, ஒரே நட்சத்திரம் வாரா வாரம் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்தால் பூமி சூரியனைச் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த மாதிரிதான். அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். மாடி இல்லாதவர்களுக்கு பால்கனி போதும். அது எந்தத் திசை பார்க்கிறதோ அந்தத் திசை வானத்தை முழுதாகக் கற்றுக்கொள்ளலாம்.

அளக்க நம் கையே போதும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ பத்து பாகை. சுண்டு விரல் நுனி ஒரு பாகை. நிலவின் அகலம் அரை பாகைதான், சுண்டு விரலால் மறைத்துவிடலாம். குழந்தைகளுக்குக் கை சிறிது என்றால் நீளமும் குறைவு என்பதால் கணக்கு அதேதான். இதை வைத்து முதலில் அகத்தியரைத் தேடிப் பாருங்கள். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணி வாக்கில் நேர் தெற்கே, தொடுவானத்தில் இருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் தனியாக ஒன்று மின்னும். இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது, கானோபஸ் என்பார்கள். தில்லியில் அது ஒரு முஷ்டி உயரத்துக்குக்கூட எழாது.

சென்னையின் பெரிய வரம் என்று நான் நினைப்பது இதைத்தான். 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தில் பெரும்பகுதியும் நமக்குக் கிடைக்கிறது. மே மாதத்தில் கோடை மழை பெய்து தூசி அடங்கிய ஓர் இரவு, பத்து மணி வாக்கில் மாடியில் நின்று பாருங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம். தெற்கே திரும்பினால் இரண்டு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில் திரிசங்கு, அதாவது தென் சிலுவை. அதற்கு இடப்பக்கம் ஆல்பா சென்டாரி, நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டு தொலைவு. ஐரோப்பாவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டும் கிடைக்கவே கிடைக்காது. அடுக்குமாடிக் கட்டடங்கள் தெற்கை மறைத்தால் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போகலாம். கிழக்கே கடல் என்பதால் அங்கே விளக்கு இல்லாத பாதி வானம் கிடைக்கும்.

சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பது வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. நம் கல்யாணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கு பெரும்பாலும் பகலில் நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் எனக்கு அருந்ததி வேறு ஒரு காரணத்துக்காக முக்கியம். அது நான்காம் தரப் பிரகாசம். சென்னை வானம் எட்டக்கூடிய எல்லையே ஏறத்தாழ அதுதான். மார்ச் முதல் ஜூன் வரை மாடி ஏறியதும் முதலில் வசிட்டரைப் பார்ப்பேன். பக்கத்தில் அருந்ததி வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் இன்று வானம் தெளிவு, பாயை விரிக்கலாம். தெரியாவிட்டால் நிலவையும் கிரகங்களையும் மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்.

கருவி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தொலைநோக்கிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முன் லென்ஸ்) வாங்குங்கள். 525 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற குட்டித் தொலைநோக்கிகளின் பக்கம் போகவே வேண்டாம். அந்த உருப்பெருக்கத்தில் பிம்பம் இருண்டு கலங்கிப் போகும், தாங்கியும் ஆடும். பைனாகுலரில் நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலவுகள், மிருகசீரிடத்துக்குக் கீழே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் மங்கல் ஒளி எல்லாம் தெரியும். 1610-இல் கலீலியோ வியாழனின் நிலவுகளைக் குறித்து வைத்த மாதிரியே அடுத்தடுத்த இரவுகளில் நான்கு புள்ளிகளையும் நோட்டில் வரைந்து பாருங்கள், இடம் மாறியிருப்பது தெரியும். கை நடுங்காமல் இருக்க மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாயில் மல்லாந்து படுத்துவிட வேண்டும். சனியின் வளையத்துக்கு மட்டும் இது போதாது, அதற்குத் தொலைநோக்கி வேண்டும்.

சென்னையில் பைனாகுலருக்கு எதிரி, காற்றின் ஈரம். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிட்டால் சுத்தம் செய்யக் கொடுக்கும் காசுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். ஏசி அறையில் இருந்து எடுத்ததும் மாடிக்கு ஓடினால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் வெளியில் வைத்து வெளிச்சூட்டுக்கு வர விட வேண்டும். கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்தால் உப்பை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காமல் முதலில் ஊதித் தட்டிவிட வேண்டும்.

கண்ணுக்கும் இதே போல நேரம் கொடுக்க வேண்டும். இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை வாட்ஸ்அப் பார்த்தால் மறுபடி முதலில் இருந்து. டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டால் நோட்டில் எழுதலாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரைச் சென்னை என்று கொடுத்து, அன்றைக்குத் தேட வேண்டியவற்றை வீட்டுக்குள்ளேயே பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு போவேன். மாடியில் போனை எடுப்பதில்லை. கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் நம்மை நோக்கி நேராக வரும்போது அசையாமல் நிற்கும் வெள்ளி கிரகம் போலவே தெரியும், ஒரு நிமிடம் பொறுத்தால் நகர்ந்துவிடும்.

இத்தனையும் பழகிய பிறகு எனக்குக் கிடைத்த பெரிய அனுபவம் திருவாதிரை மங்கியது. 2019 கடைசியில் இருந்து பெடல்ஜூஸ், அதாவது நம் திருவாதிரை, வழக்கத்தை விட மங்கலாகிறது என்று செய்தி வந்தது. அதைச் சரிபார்க்கத் தொலைநோக்கி எதுவும் தேவைப்படவில்லை. ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ மண்டலத்தில் திருவாதிரை ஒரு தோள். இன்னொரு தோளில் பெல்லாட்ரிக்ஸ், 1.6 தரம். கொஞ்சம் தள்ளி ரோகிணி, 0.9. வழக்கமாகத் திருவாதிரை ரோகிணியை விடப் பளிச்சென்று இருக்கும். ஜனவரியில் மாடியில் நின்று மாறி மாறிப் பார்த்தபோது ரோகிணிக்குக் கீழே போயிருந்தது. பிப்ரவரியில் பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக வந்துவிட்டது. சின்ன வயதில் இருந்து பார்த்த உருவத்தில் ஒரு தோள் இறங்கிவிட்டது போல இருந்தது, நோட்டில் எழுதும்போது கை பரபரத்தது. ஏப்ரலுக்குள் மறுபடி பிரகாசமானது. நட்சத்திரம் வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவே திரை போட்டதுதான் காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

பிரகாசம் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே வைத்து மூன்றாவதை மதிப்பிடும் இந்த முறைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. நட்சத்திரத் தரங்களுக்கு இன்றும் நாம் பயன்படுத்தும் அளவுகோலை, அதாவது ஐந்து தரம் என்றால் நூறு மடங்கு வித்தியாசம் என்பதை, 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861-இல் அவர் மெட்ராஸ் வானிலாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். அந்த ஆண்டிலேயே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். 1891-இல் இறக்கும் வரை இங்கேதான் வேலை பார்த்தார். அவரோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற பிரகாசம் மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் கருவி நின்ற கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்னும் இருக்கிறது, அதில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். கல்லூரிச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூண் ஞாபகம் வரும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரகுநாதாச்சாரியின் பெயர் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

1911-இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ (மாறும் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களின் அமெரிக்கச் சங்கம்) என்ற அமைப்பு உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடம் இருந்து இப்படிப்பட்ட மதிப்பீடுகளைப் பெற்றுச் சேர்த்து வைக்கிறது. வெறும் கண் மதிப்பீட்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். தேதி, நேரம், எந்த இரண்டோடு ஒப்பிட்டோம், வானம் எப்படி இருந்தது, இவ்வளவும் எழுதினால் போதும். ஒப்பிடும் நட்சத்திரங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தொடுவானத்துக்கு அருகே இருப்பதைக் காற்றின் புழுதி மங்கலாக்கிவிடும்.

இப்போது நான் விடாமல் பார்ப்பது அல்கால் என்ற, பிரகாசம் மாறும் நட்சத்திரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில் இரவு எட்டு மணிக்கு வடக்கு நோக்கி நின்றால் பாதி வானத்துக்கு மேலே, பர்சியஸ் மண்டலத்தில் இருக்கும். வழக்கமாக 2.1 தரம். பக்கத்து மண்டலத்து அல்மாக்குக்குச் சமம். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை, மங்கலான துணை நட்சத்திரம் ஒன்று அதன் முன்னால் வந்து மறைக்கும்போது 3.4 வரை இறங்கி மறுபடி ஏறும். இறங்கி ஏற மொத்தம் பத்து மணி நேரம். 1783-இல் ஜான் குட்ரிக் இந்த விளக்கத்தைச் சொன்னார். அடுத்தடுத்த மங்கல்களுக்கு நடுவே இருப்பது மூன்று நாளுக்கு மூன்று மணி நேரம் குறைவு. ஆகவே ஒரு மங்கல் நள்ளிரவில் விழுந்தால், மூன்று நாள் கழித்து அடுத்தது இரவு ஒன்பது மணி வாக்கில் விழும். அன்றைக்கு ஏழு மணிக்கு ஒருமுறை, ஒன்பதுக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை மாடி ஏறி அல்மாக்கோடு ஒப்பிட்டால் இறங்குவதும் ஏறுவதும் ஒரே இரவில் கண்ணுக்குக் கிடைத்துவிடும்.